முகமும் பெயரும் சேரும் இடம்

கொழும்பு புதுக்கடையில் உள்ள நீதவான் நீதிமன்றங்களில் அடையாள அணிவகுப்பு எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் கவனித்துப் பார்க்கலாம். சந்தேகநபரைத் தனியே நிறுத்தி, "இவர்தானா?" என்று சாட்சியிடம் கேட்பதில்லை. வயதிலும் உயரத்திலும் தோற்றத்திலும் அவரை ஒத்த பலரைத் திரட்டி, அவர்களுக்கு நடுவே அவரை நிற்கச் சொல்கிறார்கள். அணிவகுப்புக்கு முன்னர் சாட்சி அவரைக் கண்டுவிடக் கூடாது என்பதற்காக முகத்தை மூடித்தான் நீதிமன்றத்துக்குக் கொண்டுவருகிறார்கள். அவருடைய படம் ஏற்கெனவே பத்திரிகையில் வந்திருந்தால், எதிரிக்காகத் தோன்றும் சட்டத்தரணி எழுந்து ஆட்சேபிப்பார். சாட்சி இப்போது தொட்டுக் காட்டுவது குற்றம் நடந்த இடத்தில் கண்ட முகத்தையா, காலைப் பத்திரிகையில் கண்ட முகத்தையா என்று கேட்பார். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் கீழ் நீதவானின் மேற்பார்வையில் இது நடப்பதற்குக் காரணம், ஒரு முகத்தை இன்னார் என்று சொல்வது எளிதில் தவறிப்போகும் காரியம் என்பதைச் சட்டம் நீண்டகால அனுபவத்தில் கற்றுக்கொண்டிருப்பதுதான்.

இணையத்தில் நாம் ஏற்றும் புரொபைல் படத்துக்கு இந்தப் பாதுகாப்பில் ஒன்றுகூடக் கிடையாது. யார் தேடுகிறார், எத்தனை முகங்களுக்கு நடுவே தேடுகிறார், பொருந்தியது என்று எதை வைத்துச் சொல்கிறார் என்பது படத்துக்குரியவருக்குத் தெரியவே தெரியாது. ஆனாலும் நம் வீடுகளில் இதைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் ஒரே கேள்வியில் நின்றுவிடுகிறது: படம் போடலாமா, போடக்கூடாதா? இந்தக் கேள்வியே பிழையானது என்று நினைக்கிறேன். தெருவில் போகும்போது நம் முகத்தை ஊரே பார்க்கிறது; அதனால் யாருக்கும் கேடு வந்ததில்லை. அந்த முகத்தோடு ஒரு பெயரும், ஒரு தொலைபேசி இலக்கமும், ஒரு முகவரியும் சேரும் இடத்தில்தான் கேடு தொடங்குகிறது. ஆகவே படங்களை நிர்வகிப்பது என்றால் அந்தச் சேர்க்கையை நிர்வகிப்பது. முகத்தை ஒளிப்பது வேறு வேலை. அது பெரும்பாலும் வீண் வேலையும்கூட.

சேர்க்கை எவ்வளவு எளிது என்பதற்கு அண்மைய ஆய்வொன்று நல்ல சான்று. 2025 நவம்பரில் வியன்னா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வட்ஸ்அப் பற்றிய ஆய்வொன்றை வெளியிட்டார்கள். நம் கைத்தொலைபேசியில் ஒரு புதிய இலக்கத்தைச் சேமித்தவுடன் அது வட்ஸ்அப்பில் இருக்கிறதா என்று செயலி காட்டுகிறதல்லவா? அந்தச் சாதாரண வசதியைப் பயன்படுத்தி, உலகத்தின் தொலைபேசி இலக்கங்களை ஒன்றன்பின் ஒன்றாக அவர்கள் கேட்டுப் பார்த்தார்கள். மணித்தியாலத்துக்குப் பத்துக் கோடி இலக்கங்களுக்கு மேல் கேட்க முடிந்தது. 350 கோடிக் கணக்குகள் அகப்பட்டன. அவற்றுள் 57 சதவீதத்தினரின் புரொபைல் படம் யாரும் பார்க்கும்படி திறந்து கிடந்தது. இதை இலங்கைக்குப் பொருத்திப் பாருங்கள். நம் கைத்தொலைபேசி இலக்கங்கள் 070, 071, 072, 074, 075, 076, 077, 078 என்ற எட்டு முன்னிலக்கங்களில் ஒன்றோடு தொடங்கி, மேலும் ஏழு இலக்கங்களோடு முடிகின்றன. ஒவ்வொரு முன்னிலக்கத்துக்கும் ஒரு கோடி வாய்ப்புகள், மொத்தம் எட்டுக் கோடி. அந்த ஆய்வாளர்களின் வேகத்தில் இலங்கை முழுவதையும் கேட்டு முடிக்க ஒரு மணித்தியாலம்கூடத் தேவையில்லை. ஆய்வு வெளிவருவதற்கு முன்னரே வட்ஸ்அப் நிறுவனம் இந்த வேகத்துக்குக் கட்டுப்பாடு போட்டுவிட்டது, தீயவர்கள் இதைப் பயன்படுத்தியதற்குச் சான்றில்லை என்றும் கூறியது. அதை ஏற்றுக்கொள்வோம். ஆனால் 2021 ஏப்ரலில் 53 கோடிக்கும் மேற்பட்ட பேஸ்புக் பயனர்களின் பெயரும் தொலைபேசி இலக்கமும் இணையத்தில் இலவசமாகக் கொட்டப்பட்டதையும் சேர்த்து நினைக்க வேண்டும். ஒரு கசிவில் இலக்கத்தோடு பெயர். இன்னொரு வழியில் இலக்கத்தோடு முகம். இலக்கம் இரண்டுக்கும் பொது. இரண்டு பட்டியல்களையும் ஒட்டவைக்க ஒரு சிறிய நிரல் போதும், வேறு யாருடைய அனுமதியும் வேண்டாம்.

இனி, இயந்திரம் ஒரு முகத்தை எப்படிப் பார்க்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். முதலில் அது படத்துக்குள் முகம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கிறது. பின்பு கண்கள் ஒரே மட்டத்தில் வரும்படி முகத்தைத் திருப்பி, ஓர் அளவுக்குச் சுருக்குகிறது. அதற்குப் பிறகுதான் முக்கியமான வேலை. 2015இல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட பேஸ்நெட் என்ற முறையில், ஒரு முகம் 128 எண்களாக மாற்றப்படுகிறது. மூக்கின் நீளம் ஓர் எண், நாடியின் அகலம் ஓர் எண் என்று அவற்றுக்குத் தனித்தனிப் பொருள் கிடையாது. ஒரே ஆளின் இரண்டு படங்கள் தரும் எண்கள் ஒன்றுக்கொன்று கிட்ட வரவேண்டும், வேறு ஆட்களின் எண்கள் தள்ளி நிற்கவேண்டும் என்ற ஒரே கட்டளையோடு கோடிக்கணக்கான படங்களைக் காட்டிப் பழக்கப்பட்ட இயந்திரம், தானே தெரிந்துகொண்ட எண்கள் அவை. தாடி வளர்த்தாலும், கண்ணாடி போட்டாலும், பத்து வயது கூடினாலும் எண்கள் பெரிதாக விலகுவதில்லை. ஆகவே படத்தை நீங்கள் அழித்துவிட்டாலும், யாரோ ஏற்கெனவே எடுத்துவைத்த 128 எண்கள் அழிவதில்லை. 2021 நவம்பரில் பேஸ்புக் தன் முகமறி வசதியை நிறுத்தியபோது நூறு கோடிக்கும் மேற்பட்டவர்களின் இத்தகைய எண்தொகுதிகளை அழிப்பதாக அறிவித்தது. அவ்வளவு பேரில் எத்தனை பேர், தம்மிடமிருந்து அப்படியொன்று எடுக்கப்பட்டிருந்ததை அதற்கு முன் அறிந்திருப்பார்கள்?

பேஸ்நெட் முறை ஒரு பொதுச் சோதனைத் தொகுதியில் 99.63 சதவீதம் சரியாக விடை சொன்னது. இந்த எண்ணைக் கேட்டதும் விடயம் முடிந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அங்கேதான் ஏமாற்றம் இருக்கிறது. அந்தச் சோதனை இரண்டு படங்களைத் தந்து "ஒரே ஆளா?" என்று மட்டும் கேட்டது. பொலிஸ் தேடல் அப்படிப்பட்டதல்ல. ஒரு படத்தை ஒரு பெரும் தொகுதி முழுவதோடும் ஒப்பிடுவது. ஒரு மென்பொருள் இலட்சம் ஒப்பீடுகளில் ஒன்றில் மட்டுமே பிழையாகப் பொருத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். மிக நல்ல மென்பொருள்தான். ஒன்றரைக் கோடி அடையாள அட்டைப் படங்களுக்குள் ஒரு முகத்தைத் தேடினால், அந்த நல்ல மென்பொருளே 150 அப்பாவிகளைச் சுட்டும். தேடப்படுபவர் அந்தத் தொகுதியில் இல்லவே இல்லாவிட்டாலும் 150 பேர் வந்து நிற்பார்கள். தொகுதி பெரிதாகப் பெரிதாக, பொருத்தம் ஒன்றின் பெறுமதி குறைகிறது. பிழையும் எல்லோருக்கும் சமமாகப் பகிரப்படுவதில்லை. அமெரிக்காவின் தேசிய தர, தொழில்நுட்ப நிறுவனம் 2019 டிசெம்பரில் 189 மென்பொருள்களைச் சோதித்து வெளியிட்ட அறிக்கையில், பிழையான பொருத்தங்கள் சில மென்பொருள்களில் இனத்துக்கு இனம் பத்து மடங்கு முதல் நூறு மடங்கு வரை வேறுபட்டன. ஆபிரிக்க, கிழக்காசிய முகங்களில் பிழை மிகக் கூடுதல். தெற்காசிய முகங்களிலும் ஓரளவு கூடியிருந்தது. ஆண்களைவிடப் பெண்களின் முகங்களில் கூடியிருந்தது.

இது ஏட்டுக் கணக்கு என்று யாரும் இலங்கையில் சொல்ல முடியாது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்திலும் மற்ற இடங்களிலும் குண்டுகள் வெடித்தன. நான்கு நாள் கழித்து, தேடப்படுபவர்கள் என்று பொலிஸார் சில பெயர்களையும் படங்களையும் வெளியிட்டார்கள். அவற்றில் ஒரு பெண்ணின் படம், இலங்கைப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்து அங்கேயே பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவியுடையது. பெயர் ஒருவருடையது, முகம் இன்னொருவருடையது. முகமறி மென்பொருளின் தவறு என்று செய்திகள் கூறின. பொலிஸார் அன்றே மன்னிப்புக் கேட்டார்கள். அதற்குள் அந்த மாணவிக்குக் கொலை மிரட்டல்கள் குவிந்துவிட்டன. இங்கே நடந்ததைப் புதுக்கடை அணிவகுப்போடு ஒப்பிட்டுப் பார்த்தால் என்ன தவறியது என்பது தெளிவாகும். முகம் பொருந்துகிறது என்பது விசாரணையைத் தொடங்க ஒரு துப்பு. அதை முடிவாக எடுத்துக்கொண்டு நாட்டுக்கே அறிவித்துவிட்டார்கள். எந்தத் தொகுதிக்குள் தேடினார்கள், அடுத்தபடியாகப் பொருந்திய முகங்கள் யாருடையவை, சுட்டப்பட்டவர் அந்த நேரத்தில் நாட்டில் இருந்தாரா என்ற கேள்விகள் கேட்கப்பட்டிருந்தால் படம் வெளிவந்திருக்காது. அமெரிக்காவின் டெட்ரோயிற் நகரப் பொலிஸாரும் 2020 ஜனவரியில் ஒருவரை மனைவி பிள்ளைகள் முன்னிலையில் கைதுசெய்தார்கள். கடைக் களவு ஒன்றின் கமராக் காட்சி, அவருடைய பழைய சாரதி அனுமதிப்பத்திரப் படத்தோடு பொருந்தியது என்பதைத் தவிர வேறு வலுவான காரணம் இருக்கவில்லை. அவர் அந்தப் படத்தை இணையத்தில் ஏற்றவில்லை, அரசிடம் கொடுத்திருந்தார். எனவே முகப் பொருத்தம் ஒன்றை ஆதாரமாகக் காட்டும் வழக்கு இங்கே வரும்போது, எத்தனை படங்களுக்குள் தேடினீர்கள் என்பதையே சட்டத்தரணிகள் முதற்கேள்வியாகக் கேட்க வேண்டும்.

"மறைக்க ஒன்றும் இல்லாதவன் ஏன் பயப்பட வேண்டும்?" என்ற எதிர்வாதம் எப்போதும் வரும். அந்த மாணவிக்கு மறைக்க என்ன இருந்தது? இந்த வாதத்துக்குக் கொழும்புத் தமிழர்களிடம் அதைவிடப் பழைய பதில் ஒன்று உண்டு. 2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலையில், வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை முதலிய இடங்களின் லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர்களை எழுப்பி, பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். 376 பேர். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் தாக்கல் செய்த மனுவின் பேரில் மறுநாளே உயர் நீதிமன்றம் அதைத் தடுத்து இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. பிறகு பிரதமரும் வருத்தம் தெரிவித்தார். அன்று பஸ்ஸில் ஏற்றப்பட்டவர்கள் வெளிநாட்டு வீசாவுக்கும் வைத்தியத்துக்கும் வேலைக்கும் வந்தவர்கள், மறைக்க ஒன்றுமில்லாதவர்கள். அவர்களைக் காட்டிக்கொடுத்தவை அடையாள அட்டையில் இருந்த பெயரும் பிறந்த இடமுந்தான். சுற்றிவளைப்புகளில் சாக்கால் முகத்தை மூடிய தலையாட்டி ஒருவரின் முன்னால் வரிசையாக நடக்கவேண்டியிருந்த தலைமுறை இன்னும் உயிரோடு இருக்கிறது. தலை அசைந்தால் போயிற்று. ஏன் அசைந்தது என்று கேட்க முடியாது. முகமறி மென்பொருளும் காரணம் சொல்லாமல் தலையசைக்கும் ஒரு தலையாட்டிதான். தகவல் எதற்காகத் திரட்டப்பட்டதோ அதற்காக மட்டுமே கடைசிவரை பயன்படும் என்று நம்புவதற்கு நம் வரலாறு இடம் தரவில்லை. தமிழ்நாட்டிலும் 2024 மே மாதம் பொலிஸின் முகமறித் தளத்துக்குள் வெளியார் ஊடுருவினார்கள். அரசு நல்லதாகவே இருந்தாலும் பூட்டு உடையலாம்.

இரண்டாவது எதிர்வாதம் நம் வீடுகளுக்குள்ளிருந்தே வருகிறது: அப்படியானால் பொம்பிளைப் பிள்ளைகள் படமே போடாமல் இருந்துவிட்டால் பிரச்சினை தீர்ந்ததே, ரோசாப்பூவையோ பிள்ளையார் படத்தையோ போட்டுவிடலாமே என்று. இதை அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் இது நியாயமுமில்லை, பயனுமில்லை. ஓர் ஆசிரியை, ஒரு சட்டத்தரணி, புதிதாக வேலை தேடும் ஒரு பட்டதாரி தன் முகத்தோடு பொதுவெளியில் நிற்பது அவருடைய தொழிலின் பகுதி. களவெடுப்பவனுக்குப் பயந்து கடையை மூடச் சொல்வது தீர்வாகாது. பயனில்லை என்பதற்குக் காரணம் வேறு: ஒருவருடைய படங்களில் பெரும்பங்கை ஏற்றுபவர்கள் மற்றவர்கள். ஒரு சாமத்தியவீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளை. மண்டப வாசலில் அவளுடைய பெயர் எழுதிய பெரிய பதாகை. படமெடுத்த ஸ்டூடியோ தன் பேஸ்புக் பக்கத்தில் விளம்பரத்துக்காக முழு அல்பத்தையும் ஏற்றுகிறது. வீடியோ யூடியூப்புக்குப் போகிறது. தலைப்பிலேயே பிள்ளையின் பெயரும் விழாத் திகதியும் இருக்கின்றன. பிள்ளையிடம் யாரும் கேட்கவில்லை. பத்து வருடத்தின் பின் அவள் தன் பேஸ்புக் கணக்கை எவ்வளவு இறுக்கமாகப் பூட்டினாலும், அந்த வீடியோ பூட்டுக்கு வெளியே இருக்கும். பிரான்சில் 2024 பெப்ரவரியில், பிள்ளையின் படத்தின் மீதான அதன் உரிமையைப் பெற்றோர் காக்க வேண்டும் என்று ஒரு சட்டமே வந்திருக்கிறது. நமக்குச் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஸ்டூடியோவோடு பேசி முற்பணம் கொடுக்கும்போதே "எங்கள் படங்களை உங்கள் பக்கத்தில் போடக்கூடாது" என்ற ஒரு வரியைப் பற்றுச்சீட்டில் எழுதச் சொன்னால் போதும்.

மரண அறிவித்தலும் இப்படித்தான். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் வெள்ளவத்தையை வதிவிடமாகவும் கொண்டவர் என்று தொடங்கி, தாய், தகப்பன், துணை, பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள், அவர்கள் வாழும் நாடுகள், தொடர்புக்குத் தொலைபேசி இலக்கங்கள் என்று ஒரு குடும்பத்தின் முழு வரைபடத்தையும் படத்தோடு தருகிறோம். உறவினருக்குச் செய்தி சொல்லும் இந்த வழக்கத்தை நான் மதிக்கிறேன். சிதறிப்போன ஒரு சமூகத்தை அது சேர்த்து வைத்திருக்கிறது. ஆனால் தாயின் பெயரைக் கேட்டு அடையாளத்தை உறுதிப்படுத்தும் நிறுவனங்கள் இன்னமும் இருக்கும்போது, அந்திரட்டி முடிந்த பின்னும் அந்தத் தொலைபேசி இலக்கங்கள் அங்கேயே கிடக்க வேண்டியதில்லை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பணம் கட்டினால் யாருக்கும் முகத் தேடல் செய்துதரும் பிம்ஐஸ் போன்ற தளங்கள், தாம் சமூக ஊடகங்களுக்குள் தேடுவதில்லை, திறந்த இணையத்தளங்களில்தான் தேடுகிறோம் என்கின்றன. அது உண்மையென்றால், பூட்டிய பேஸ்புக் அல்பத்தைவிட, பழைய மாணவர் சங்கத் தளத்திலும் ஸ்டூடியோவின் இணையத்தளத்திலும் அறிவித்தல் பக்கத்திலும் பெயரோடு கிடக்கும் ஒரு படம்தான் தேடுபவன் கையில் முதலில் அகப்படும். படங்களைத் துப்புரவு செய்ய விரும்புபவர் அங்கிருந்தே தொடங்க வேண்டும்.

சேர்க்கையைத் துண்டிப்பது என்று தொடங்கினால் செய்யவேண்டியவை அதிகமில்லை. வட்ஸ்அப்பில் புரொபைல் படத்தை "தொடர்பில் உள்ளவர்கள் மட்டும்" என்று மாற்றுவது முதல் வேலை. இலக்கத்துக்கும் முகத்துக்கும் இடையிலான கயிறு அதோடு அறுந்துவிடுகிறது. வேலைக்கான லிங்க்ட்இன் கணக்கில் ஒரு படம், உறவினருக்கான பேஸ்புக்கில் வேறொரு படம், கலியாணம் பேச அனுப்பும் படம் இரண்டிலும் இல்லாத மூன்றாவதாக இருக்கட்டும். ஒரே படத்தை எல்லா இடத்திலும் போட்டால், முகமறி மென்பொருளே தேவையில்லை. கூகுளின் சாதாரணப் படத்தேடலே கணக்குகளைக் கோத்துக் கொடுத்துவிடும். கலியாணப் பேச்சில் சாதகமும் படமும் வட்ஸ்அப்பில் கைமாறி எத்தனை பேரிடம் போகின்றன என்பதைப் பெற்றோரே சொல்ல முடியாது. சாதகத்தில் பிறந்த திகதியும் நேரமும் இடமும் இருக்கின்றன. இரண்டையும் ஒன்றாக அனுப்பாமல், சாதகம் பொருந்தியதென்று தெரிந்த பின் படத்தை அனுப்பினால் பாதிக் கவலை குறையும். பேஸ்புக்கில் தற்போதைய புரொபைல் படம் எப்போதும் பொதுவில்தான் இருக்கும் என்பதால், அந்த இடத்துக்குப் பின்னணியில் வீட்டு வாசலோ வாகன இலக்கமோ பாடசாலைச் சின்னமோ தெரியாத ஒரு படத்தைத் தெரிவுசெய்ய வேண்டும்.

படத்துக்குள் எழுதப்பட்டிருக்கும் தகவல் தனிக் கதை. கைத்தொலைபேசியில் இருப்பிடம் காட்டும் வசதி திறந்திருக்கும்போது எடுத்த படத்தின் கோப்பில் அகலக்கோடும் நெடுங்கோடும் பதிவாகின்றன. வெள்ளவத்தை ஏறத்தாழ வடக்கு 6.87 பாகை, கிழக்கு 79.86 பாகையில் இருக்கிறது. இரண்டு தசமதானம் ஊரைத்தான் காட்டும். ஒரு பாகை சுமார் 111 கிலோமீற்றர் என்பதால் நான்காவது தசமதானம் பதினொரு மீற்றர். அதாவது காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் இடையிலுள்ள ஒரு ஒழுங்கையில் எந்தத் தொடர்மாடி என்பதுவரை தெரிந்துவிடும். தலைமறைவாக இருந்த மென்பொருள் தொழிலதிபர் ஜோன் மக்கஃபீ 2012 டிசெம்பரில் குவாத்தமாலாவில் இருப்பது வெளிவந்ததும் ஒரு சஞ்சிகை ஏற்றிய படத்திலிருந்த இந்த எண்களால்தான். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் இத்தகவல் நீங்கிவிடுகிறது. தெளிவு குறையாமல் இருக்கட்டும் என்று ஆவணமாக அனுப்பினால் அப்படியே போய்ச் சேர்கிறது. வீடு விற்பனைக்கு, பழைய தளபாடம் விற்பனைக்கு என்று அந்நியருக்குப் படம் அனுப்புபவர்கள் இதை மறக்கக் கூடாது.

சில பாதுகாப்புகள் பெயரளவில்தான் பாதுகாப்பு. 2017இல் பேஸ்புக் இந்தியாவில் அறிமுகப்படுத்திய நீலக் கேடய வசதி, படத்தைத் தரவிறக்குவதைத் தடுத்தது. இன்னொரு கைத்தொலைபேசியால் திரையைப் படமெடுப்பதை எதுவும் தடுக்காது. சிக்காகோ பல்கலைக்கழகத்தில் 2020இல் உருவான ஃபோக்ஸ் என்ற மென்பொருள், கண்ணுக்குத் தெரியாத சிறு மாற்றங்களைப் படத்தில் செய்து முகமறி இயந்திரத்தைக் குழப்பியது; அழகான யோசனை. ஆனால் புதிய முறைகளில் பழக்கப்பட்ட இயந்திரம் அந்தப் பழைய படத்தையும் வாசித்துவிடும் என்று அடுத்த ஆண்டே வேறு ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஏற்றிய படத்தைத் திரும்ப மாற்ற முடியாது, தேடுபவனோ நாளைய மென்பொருளுக்காகக் காத்திருக்கலாம். இந்தப் போட்டியில் காலம் தேடுபவன் பக்கம் இருக்கிறது. அதனால்தான் படத்தைத் திரிப்பதைவிடப் பெயரைப் பிரித்துவைப்பதை வலியுறுத்துகிறேன்.

"ஒரே ஒரு படமிருந்தாலே இப்போது ஆபாசப் படம் செய்துவிடுகிறார்களே, இதெல்லாம் எதற்கு?" என்று கேட்பவர்களின் கவலை உண்மையானது. 2019இல் டீப்ட்ரேஸ் நிறுவனம் இணையத்தில் எண்ணிய 14,678 போலி முக வீடியோக்களில் 96 சதவீதம், சம்மதமின்றி உருவாக்கப்பட்ட ஆபாச வீடியோக்கள். அன்றைக்கு அதற்கு நிறையப் படங்களும் கொஞ்சம் கணினி அறிவும் தேவைப்பட்டன. இன்று இரண்டும் தேவையில்லை. ஆனால் அப்படியான படம் யாரையும் காயப்படுத்துவது எப்போது? அது இன்ன வீதியில் இருக்கும் இன்னாரின் மகள் என்று, அவளுடைய உறவினரின் வட்ஸ்அப் குழுவுக்குப் போய்ச் சேரும்போது. அங்கேயும் ஆயுதம் சேர்க்கைதான். ஆகவே நண்பர் பட்டியலையும் உறவுப் பெயர்களையும் மறைத்துவைப்பது, படத்தை மறைப்பதைவிடப் பெரிய காப்பு.

படம் பரவத் தொடங்கிவிட்டால் அறிவியல் ஒரு நல்ல கருவியையும் தந்திருக்கிறது. பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்காக 2021 டிசெம்பரில் தொடங்கிய ஸ்டொப் என்சிஐஐ என்ற சேவை, படத்தை யாருக்கும் அனுப்பாமலே தடுக்க முயல்கிறது. உங்கள் கைத்தொலைபேசியிலேயே அந்தப் படம் நிறமிழந்து 64க்கு 64 சதுரங்களாகச் சுருங்குகிறது. அதில் ஒளியும் நிழலும் மாறும் பெரும்போக்கை மட்டும் எடுத்து, நடுப்பெறுமானத்துக்கு மேல் என்றால் 1, கீழ் என்றால் 0 என்று 256 குறிகள் கணிக்கப்படுகின்றன. இந்த 256 குறிகள் மட்டுமே வெளியே போகின்றன. அவற்றிலிருந்து படத்தைத் திரும்ப உருவாக்க முடியாது. சேவையில் சேர்ந்திருக்கும் தளத்தில் யாராவது அந்தப் படத்தை ஏற்ற முயன்றால் குறிகள் ஒப்பிடப்படுகின்றன. ஏறத்தாழ முப்பது குறிகள்வரை மாறியிருந்தாலும் அதே படம் என்று கொள்ளப்படுவதால், அளவைக் குறைத்தோ நிறத்தை மாற்றியோ தப்புவது கடினம். பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இதே முறையில் டேக் இற் டவுன் என்ற சேவை 2023 முதல் இருக்கிறது. சேராத தளங்களில் இது செல்லாது, புதிதாக உருவாக்கப்படும் ஒவ்வொரு போலிப் படத்துக்கும் புதிய குறிகள் வேண்டும். இருந்தாலும் பாதிக்கப்பட்டவர் தன் படத்தை இன்னொருவர் கண்ணில் காட்டாமல் உதவி கேட்க முடிகிறது என்பதே பெரிய விடயம்.

சட்டம் எங்கே நிற்கிறது? இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தொழில்நுட்ப முறையில் அளந்தெடுத்த முகத் தரவைச் சிறப்புப் பாதுகாப்புக்குரிய வகையில் சேர்த்திருக்கிறது. இது அறிவியலோடு பொருந்தும் நல்ல வரையறை. ஆனால் அதன் முக்கிய பகுதிகள் நடைமுறைக்கு வரும் நாள் தள்ளிப்போடப்பட்டது. 2024 ஜனவரியில் நிறைவேறிய நிகழ்நிலைக் காப்புச் சட்டமோ, சட்டமூலமாக இருந்தபோதே நாற்பதுக்கும் மேற்பட்ட மனுக்களை உயர் நீதிமன்றத்தில் சந்தித்தது. பெண்களையும் பிள்ளைகளையும் காப்பதற்கென்று சொல்லப்பட்ட சட்டத்துக்குள் அரசை விமர்சிப்பவர்களையும் அடக்கக்கூடிய சொற்கள் புகுந்திருந்ததே காரணம். என் முடிவு இதுதான்: அந்தரங்கப் படங்களுக்கும் போலி முகப் படங்களுக்கும் மட்டுமான, குறுகிய, தெளிவான ஒரு தனிச்சட்டம் வேண்டும். முறைப்பாடு கிடைத்து 24 மணித்தியாலத்துக்குள் நீக்க வேண்டும் என்று இந்தியாவின் 2021 விதிகளும், 48 மணித்தியாலம் என்று அமெரிக்காவின் 2025 சட்டமும் காலவரையறை வைத்தன. நமக்கும் அப்படி ஒரு கெடு எழுத்தில் இருக்க வேண்டும்.

அதுவரை, பாதிக்கப்பட்டவர் அவசரத்தில் செய்யும் ஒரு காரியத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கண்டவுடன் அழித்துவிடுகிறார்கள், மிரட்டியவனின் செய்திகளையும் சேர்த்து. வழக்கு நிற்பது அந்தச் செய்திகளின் மேல்தான். கணக்கின் பெயர், இணைய முகவரி, திகதி, நேரம் தெரியும்படி திரையைப் படமெடுத்து வைத்த பின்பே நீக்கும்படி கேட்க வேண்டும். கணினிச் சான்றுகளை நீதிமன்றம் ஏற்க 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்று விசேட ஏற்பாடுகள் சட்டம் வழிசெய்கிறது. பிள்ளைகள் 1929 என்ற இலக்கத்துக்கும் பெண்கள் 1938 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம். இவ்வளவையும் செய்ய ஒரு பெண்ணுக்குத் துணிவு வர வேண்டுமானால் வீட்டில் ஒன்று மாற வேண்டும். அழுதுகொண்டு வந்து சொல்லும் மகளிடம், தங்கையிடம், "நீ ஏன் படம் போட்டாய்?" என்று கேட்காதீர்கள். "யார் செய்தது, எப்போது வந்தது, காட்டு" என்று கேளுங்கள்.